தன் டிக்கெட்டைத் தானே மூடுகிறவர்கள்

ஆய்க்குடியில் இருக்கும் என் அத்தைக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆன ஏழாம் நாள், காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. "சுகர் உள்ள உடம்பும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். இந்த ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் கட்டுவது தெரிந்த ஆபத்து. ஆனாலும் பழி உடம்பின் மேல் விழுந்தது.

அது வழக்கமான சிகிச்சை. மருத்துவ ஆய்விலும் கிட்டத்தட்ட இதுதான் கதை. பாதிப்புக்கும் சிகிச்சைக்கும் தொடர்பு உண்டா என்று முதலில் எழுதுவது, பெரும்பாலும் அந்தச் சிகிச்சையைச் செய்தவரே. எங்கள் ஆபீசில் கோட் எழுதினவனே பக் டிக்கெட்டை மூடினால் சிரிப்பார்கள்.

மருந்து என்றால் ஒரு வழி இருக்கிறது. 1981இல் வந்த நரான்ஜோ அளவுகோல் கேட்கும்: மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா? மறுபடி கொடுத்ததும் வந்ததா? கத்தி வைத்த உடம்பில் இதைக் கேட்க முடியாது. ரோல்பேக் கிடையாது. ஒற்றை நோயாளியைப் பார்த்து "தொடர்பில்லை" என்பது பாதி ஊகம்தான். இரண்டு குழுக்களிலும் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். "தொடர்பில்லை" என்று முதலிலேயே கழித்துவிட்டால் எதை எண்ணுவது?

2009–10இல் கம்மத்திலும் வடோதராவிலும் நடந்த எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தடுப்பூசி அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அரசுக் குழுவும் தொடர்பில்லை என்றே சொன்னது. ஆனால் ஆழமாக விசாரிக்காமலே அந்த மரணங்கள் ஒதுக்கித் தள்ளப்பட்டன என்று 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு சாடியது. பதில் சரியாகவே இருக்கட்டும். விசாரிக்காமல் சொன்ன பதிலை யார் நம்புவார்?

2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளில் ஒரு நல்ல வரி உண்டு: தொடர்பில்லை என்று நிறுவப்படும் வரை, தேவைப்படும் காலம் முழுக்க இலவச சிகிச்சை தர வேண்டும். சந்தேகத்தின் பலன் நோயாளிக்கு. ஆனால் புது மருந்தோ கருவியோ இல்லாமல், வெட்டித் தைக்கும் முறை மட்டும் புதிது என்றால் இந்த விதி எட்டாது. அங்கே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டு நெறிகள்தான்.

நான் கேட்பது மூன்றே. வந்த பாதிப்பு எல்லாவற்றையும் எண்ணுங்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாத வெளியாள் தீர்ப்புச் சொல்லட்டும். "தொடர்பில்லை" என்றால் காரணத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அத்தை இன்னும் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். கேட்டால், "என் உடம்பு வாகு அப்படி, யாரைச் சொல்ல" என்கிறாள்.