நீலமா ஜொலிக்கும் தேள்... வளர்க்க ஆசையா? வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இருட்டு அறை. ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கரிக்கட்டை மாதிரி ஏதோ பதுங்கியிருக்கிறது. யாரோ புற ஊதா டார்ச்சைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான்... முன்னங்கால் இடுக்கியிலிருந்து வால்நுனிக் கொடுக்கு வரை, பச்சையும் நீலமும் கலந்து ஜொலிக்கிறது ஒரு தேள்!

ரீல்ஸில் இதைப் பார்த்துவிட்டு, ‘செமயா இருக்கே, நாமளும் ஒண்ணு வாங்கி வளர்த்தா என்ன?’ என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வருடங்களாக இருக்கும் பொழுதுபோக்குதான் இது. ஆனால், அந்தச் சில நொடி வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கை ரீல்ஸ் சொல்லாது.

எப்படி ஜொலிக்கிறது?

கடைகளில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதே சங்கதிதான். தேளின் மேல்தோட்டில் இருக்கும் சில வேதிப்பொருள்கள், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் திருப்பித் தருகின்றன. அதில் ஒன்றான பீட்டா கார்போலினை 1999-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். தோல் உரித்தவுடனே தேள் ஜொலிக்காது. புதுத்தோல் கெட்டியாக ஆகத்தான் வெளிச்சம் வரும்.

எதற்காக ஜொலிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தேளின் உடம்பு முழுக்கவே ஒரு கண் மாதிரி வேலை செய்து, எங்கே வெளிச்சம், எங்கே மறைவிடம் என்று உணரலாம் என்பது ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் காஃபின் குழுவினர் முன்வைத்த கருத்து.

தேளுக்கு இது பிடிக்குமா?

பிடிக்காது. தேள் இருட்டில் வாழும் உயிர். புற ஊதா வெளிச்சம் பட்டால் மறைவிடம் தேடி ஓடப் பார்க்கும். நமக்கு அது ஷோ, அதற்கு அது தொந்தரவு. இன்னொரு விஷயமும் உண்டு. தொடர்ந்து அந்த வெளிச்சத்தில் வைத்தால், தேளின் ஜொலிப்பே மங்கிப்போகும். ஆக, அழகுக்காகத் தொட்டிக்குள் நாள் முழுக்க ஊதா விளக்கு எரியவிடுபவர்கள், எதைப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அதையே அழிக்கிறார்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் சில நொடிகள் போதும். பிறகு விளக்கை அணைத்துவிட வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

உலகம் முழுக்க வளர்ப்புப் பிரியர்களிடம் பிரபலமானது ‘எம்பரர்’ தேள். கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் காடுகள்தான் இதன் சொந்த ஊர். சுமார் 20 சென்டிமீட்டர் வரை வளரும். முட்டையிடாது, குட்டி போடும்; குட்டிகளை முதுகில் சுமக்கும். பல மாதங்கள் சுமந்து, மெதுவாகப் பெருகும் இனம். காட்டிலிருந்து அள்ளிக்கொண்டே போனால் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் 1995-லேயே ‘சைட்டீஸ்’ சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் சேர்த்து, இதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

கடத்தல் நம் பக்கத்திலும் நடக்கிறது. 2020 ஜனவரியில், சுமார் 200 உயிருள்ள தேள்களைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து எடுத்துச்செல்ல முயன்ற ஒருவர் கொழும்பு விமான நிலையத்தில் பிடிபட்டார்.

இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ‘ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், கொரியர்ல வந்துச்சு’ என்ற கதை சட்டத்தின் முன் எடுபடாது.

அப்போ பார்க்கவே முடியாதா?

ஏன் முடியாது? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜொலிப்பதற்குத் தேள் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை! உரித்துப்போட்ட தோலும் ஜொலிக்கும். மியூசியங்களில் சாராயத்தில் ஊறவைத்த பழைய தேள்களும் ஜொலிக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஓர் உரிந்த தோலும் சின்ன டார்ச்சும் போதுமே!

உயிருள்ள தேளைத்தான் பார்க்க வேண்டுமா? அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நட்டுவாக்காலி என்று நாம் சொல்லும் பெரிய கருந்தேளும், ஆபத்தான செந்தேளும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. இரவில் கல் இடுக்கிலோ வரப்பிலோ டார்ச் அடித்தால், தூரத்திலிருந்தே தெரியும். தொடாதீர்கள், பிடிக்காதீர்கள். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஜொலிப்பை வைத்து விஷத்தை எடைபோடவும் முடியாது. சாதுவான தேளும் ஜொலிக்கும், உயிரைப் பறிக்கும் தேளும் ஜொலிக்கும்.

கிராமத்து வீடுகளில் இந்த டார்ச்சுக்கு இதைவிட நல்ல வேலை உண்டு. விறகு அடுக்கு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு, குழந்தைகள் படுக்கும் பாய் ஆகியவற்றின் மேல் படுக்கப்போகும் முன் ஒருமுறை அடித்துப் பாருங்கள். செந்தேள் கொட்டினால் குழந்தைகளுக்கு இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். மகாராஷ்டிராவின் மகாட் பகுதி மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ‘பிரசோசின்’ மாத்திரையால் பல உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். அதற்கு, கொட்டியதும் மந்திரிக்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எம்பரர் தேளைத் தொட்டியில் பல வருடங்கள் பராமரிக்க வேண்டியிருக்கும். ஆசை அவ்வளவு நாள் தாங்குமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். டார்ச் மட்டும் வாங்கினால் போதும். தேள் அதன் இடத்திலேயே இருக்கட்டுமே!