பெரிய பாக்கெட் வாங்கினால் லாபமா? எம்.ஆர்.பி. பக்கத்தில் இருக்கும் குட்டி எண்ணைப் பாருங்க!

நெய்வேலி மெயின் பஜாருக்கு மாத மளிகை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீத்தூள் 250 கிராம் ரூ.120; 200 கிராம் ரூ.92. பெரிசுதான் லாபம்னு கை தானாகப் போகும். கணக்கு போட்டால், பெரியது கிராமுக்கு 48 காசு, சின்னது 46 காசு!

இந்தக் கணக்கு பாக்கெட்டிலேயே இருக்கிறது. எம்.ஆர்.பி. அருகே 'யு.எஸ்.பி.' என்று அச்சிட்டிருப்பதுதான் அலகு விலை.

ஏன் வந்தது இந்த விதி?

டீத்தூள், பிஸ்கட், சமையல் எண்ணெய் போன்றவற்றை முன்பு அரசு நிர்ணயித்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும். 2021-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியது. 180 கிராம், 475 கிராம் என எந்த அளவிலும் விற்கலாம். எடை குறைந்ததைக் கவனிக்காமல் மக்கள் ஏமாறக்கூடாது இல்லையா? அதனால்தான் அலகு விலை கட்டாயமானது.

எங்கே கவனம் தேவை?

* 1 கிலோவுக்குக் கீழே கிராம் விலை, மேலே கிலோ விலை. ஒப்பிட, கிராம் விலையை 1000-ஆல் பெருக்கணும்.

* பைசா முழுமையாக்கப்படும். அரை கிலோ ரூ.118, ரூ.122 இரண்டிலும் 24 காசு என்றே இருக்கும். கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம் மறைஞ்சிடும்.

* இது எம்.ஆர்.பி. கணக்கு. கடையில் தள்ளுபடி கொடுத்தால், பில் விலையை எடையால் வகுத்துப் பாருங்க.

அலகு விலையே இல்லையா?

சரியாக 1 கிலோ, 1 லிட்டர் என்றால் எம்.ஆர்.பி.யே அலகு விலை. மற்றவற்றில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.