மறுபடியும் ஆறாம் வகுப்பிலிருந்து

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் கணக்கும் மனத்திறனும். பத்தாம் வகுப்புத் தரம்தான்: சதவீதம், மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும். இந்த 25 கேள்விகளுக்காகப் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவர்களும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கும் தாய்மார்களும், வேலை முடிந்து நூலகத்துக்கு ஓடிவருகிறவர்களும் பள்ளிக் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறக்கிறார்கள். இத்தனை பெரியவர்கள் கணக்கின் பக்கம் திரும்பி வருவது மகிழ்ச்சிக்குரியது. வந்தவர்களின் கையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் ‘ஷார்ட்கட்’ என்பதுதான் வருத்தம்.

ஒரு வேலையை ஒருவர் 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில். சேர்ந்து செய்தால்? இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகு. 150-ஐ 25-ஆல் வகுத்தால் 6 என்று பயிற்சி மையத்தில் சொல்லித் தருவார்கள். விடை சரி. இரண்டாமவர் 2 நாளில் விலகிவிட்டால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும். முதலாமவர் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு, மற்றவர் பதினைந்தில் ஒரு பங்கு, இருவருமாக ஆறில் ஒரு பங்கு என்று புரிந்தவருக்குச் சூத்திரமே வேண்டாம். இரண்டு நாளில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும். மீதி மூன்றில் இரண்டு பங்கை முதலாமவர் தனியாக முடிக்க 6 நாளும் இன்னொரு நாளில் மூன்றில் இரண்டு பங்கும் ஆகும்.

இங்கே தேவைப்பட்டது பின்னம் மட்டுமே. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் பலர் பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் அல்லர். ஆறிலோ ஏழிலோ, பின்னத்திலோ குறை எண்ணிலோ இடறியவர்கள். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து கடந்தவர்கள். அவர்கள் நேராகப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தால் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. பலர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஒரு பருவம் பிடிக்கிற பாடம், காரணம் தெரிந்து படிக்கிற பெரியவருக்குச் சில வாரங்களில் முடிந்துவிடலாம். பாடநூல் கழகத்தின் நூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்வகுப்பு நூல்களின் கடைசிப் பக்கங்களில் விடைகளும் உண்டு.

படிக்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. காணொளியில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்தால் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். பேனாவை எடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். புத்தகத்தின் எடுத்துக்காட்டுக் கணக்கில் தீர்வைத் தாளால் மறைத்து நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் படிப்பு. மற்றது வேடிக்கை பார்ப்பது. சூத்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். (a+b)²-இல் 2ab எங்கிருந்து வந்தது என்று ஐயம் வந்தால் a+b பக்கமுள்ள சதுரத்தை வரைந்து பிரித்துப் பாருங்கள். இரண்டு சதுரங்கள் போக, ab பரப்புள்ள இரண்டு செவ்வகங்கள் கண்ணெதிரே நிற்கும். பிறகு அது மறக்காது.

தானே கணிதம் கற்பது என்றதும் இங்கே ராமானுஜன் பெயரைத்தான் சொல்வார்கள். நமக்கு அது பொருந்தாத முன்மாதிரி. அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு, ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரூபணம் ஏறக்குறைய இல்லாமலே அடுக்கியது. மேதைக்குத்தான் அது போதும். எனக்கு ஆபிரகாம் லிங்கன் நெருக்கமாகத் தெரிகிறார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1847 முதல் 1849 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், நாற்பது வயதையொட்டி யூக்ளிடின் ஆறு நூல்களை எடுத்துவைத்துப் படித்தார். எந்தத் தேர்வும் அவரை அதற்குத் தூண்டவில்லை.

தேர்வு எழுதாதவருக்கும் இந்தக் கணக்கு வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க் கடன், 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி, 24 மாதத் தவணை. வட்டி 24,000, மாதம் 5,167 ரூபாய் கட்ட வேண்டும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசி வரை கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தேவையான பெருக்குத் தொடர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. தவணையில் வண்டி வாங்கும் குடும்பத்துக்கு அது தெரியாமலிருப்பது பண நட்டம்.

1990-களின் அறிவொளி இயக்கம் எழுத்தோடு எண்ணையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. எண்ணறிவுக்கு அப்பால், பத்தாம் வகுப்புக் கணக்கு வரை பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக அப்படியோர் இயக்கம் பிறக்கவில்லை. தனித்தேர்வராகத் தேர்வு எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதியலாம். சந்தேகம் கேட்க ஆளுக்கு எங்கே போவது?

நூலகங்களில் போட்டித் தேர்வு நூல்களுக்குத் தனிப்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு கரும்பலகை, கட்டணமில்லாமல், வயது கேட்காமல்: மாவட்ட மைய நூலகங்களிலாவது அரசு இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.