விடை தெரியாத சோதனைக்கு வீட்டில் இடம் கொடுங்கள்

பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் என்றதும் புனேயில் வானவடியின் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, சென்னையிலும் சரி, நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் ஆயத்த மாடல் வாங்கப்படுகிறது. இல்லையென்றால் அம்மாவோ அப்பாவோ இரவில் உட்கார்ந்து அட்டையை வெட்டி ஒட்டுகிறார்கள். மறுநாள் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் ‘எரிமலை’ பொங்கும் என்பது செய்பவருக்கும் பார்ப்பவருக்கும் முன்பே தெரியும். முடிவு தெரிந்த வேடிக்கையைச் சோதனை என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாள் எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளை தன் கையால் செய்து தானே விடை தேடும் ஒரு சிறு சோதனையைப் பள்ளிகள் தர வேண்டும்.

இதற்கு முன்மாதிரி புனேயிலேயே இருக்கிறது. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிக்கர் நிறுவிய ஐயூகா வானியல் ஆய்வு மையத்தில், குழந்தைகளுக்கென்றே ஓர் அறிவியல் கூடம் நடக்கிறது. குப்பையில் போகும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கான்பூர் ஐஐடியில் படித்து, புனே டெல்கோ ஆலையில் வேலை பார்த்த அவருடைய பாதையை மாற்றியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். 1972இல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் சோதனை செய்துதான் பாடம் கற்றார்கள். தேர்வுக்குப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லலாம். குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள் பிறந்தது அங்கேதான். சைக்கிள் வால்வு டியூபை இணைப்பாகக் கொண்டு முக்கோணம், கனசதுரம் என்று கட்டலாம். அழுத்திப் பார்த்தால் சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது அந்த நொடியில் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. பள்ளியை மட்டும் நம்பியிருப்பது ஓர் உத்தரவில் போய்விடும் என்பதால்தான் வீட்டையும் சேர்த்து வலியுறுத்துகிறோம்.

பெற்றோருக்கு அறிவியல் தெரியாவிட்டால் தவறான விளக்கம் பதிந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. பலரும் அறிந்த சோதனை ஒன்றையே பார்ப்போம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பிள்ளையைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: தண்ணீர் பெரும்பாலும் ஏறுவது சுடர் அணைந்த பிறகு. அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால், உள்ளே இருந்த காற்று அதே அளவுதானே, உயரம் ஏன் கூடியது? சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே முதன்மைக் காரணம் என்ற இடத்துக்குப் பிள்ளை இப்படித்தான் வந்து சேரும். ஆக, தவறான விளக்கத்தைப் பிடித்துக் கொடுப்பதும் சோதனையே. பெற்றோருக்குப் பட்டம் தேவையில்லை, “இதை மாற்றினால் என்ன ஆகும்?” என்று கேட்கும் பொறுமை போதும். புத்தகத்தில் இதே தவறு அச்சாகியிருந்தால் அந்தப் பிள்ளை அதை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

ஆபத்து பற்றிய அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நெருப்பு வேண்டிய சோதனையில் பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வீட்டு மின்சாரத்தை எந்தச் சோதனையிலும் தொடக்கூடாது, 1.5 வோல்ட் செல் போதும். ஒரு செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், இனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள் இருந்தால் மோட்டார் தயார். கம்பியின் ஒரு முனையில் பூச்சை முழுதும் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டிய பிள்ளையின் சுருள் ஆடி நின்றுவிடும். ஏன் நின்றது என்று தேடும் அந்த அரை மணி நேரம் எந்தக் காணொளியிலும் கிடைக்காது, ஏனென்றால் காணொளியில் மோட்டார் எப்போதும் சுற்றுகிறது. சுற்றாத சுருளைச் செல்லோடு விட்டால் கம்பி சூடேறும், உடனே கழற்ற வேண்டும் என்பதும் பிள்ளை கற்க வேண்டிய பாடமே. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் மாடல் ஒட்டவும், எழுதியதையே மறுபடி எழுத வைக்கவும் அதே வீடுகள் இன்று நேரம் ஒதுக்கித்தான் வருகின்றன.

மதிப்பெண் போட்டால் இதுவும் கடைச் சரக்காகிவிடும். அதனால் பள்ளிகள் மதிப்பெண்ணும் பரிசும் தர வேண்டாம், கண்காட்சியும் நடத்த வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, அடுத்து எதை மாற்றிப் பார்ப்பேன். அதைப் பிள்ளை தன் மொழியில் எழுதட்டும்; புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளை தமிழிலோ மராத்தியிலோ எழுதினாலும் ஆசிரியர் ஏற்க வேண்டும். சோதனை பலிக்கவில்லை என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைத்தான் வகுப்பில் முதலில் படிக்கச் சொல்ல வேண்டும்.