கார்ட்டூன் படத்துக்கு அழுதால் என்ன?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். வயது நாற்பது ஆகிறது, தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. “டீச்சர், பாப்பா கூட உக்காந்து ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன். கடைசியில அழுதுட்டேன். அவ என்னையப் பார்த்துச் சிரிக்கா. வெக்கமாப் போச்சு” என்றான். என்ன படம் என்று கேட்டேன். ‘கோகோ’ என்றான். அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்தவள் என்பது அவனுக்குத் தெரியாது. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிக்சார் கம்பெனி 2017-ல் எடுத்த படம். அடுத்த வருடம் இரண்டு ஆஸ்கார் வாங்கியது, ஒன்று படத்துக்கு, ஒன்று பாட்டுக்கு. மெக்சிகோவில் ஒரு செருப்புத் தைக்கும் குடும்பம். அந்த வீட்டில் பாட்டு என்ற பேச்சே கூடாது. காரணம், நாலு தலைமுறைக்கு முன்னால் ஒருவன் பாட்டுக்காரனாகப் போகிறேன் என்று பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பினான், திரும்பவே இல்லை. பெண்டாட்டி இமெல்டா செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு மகளை வளர்த்தாள். வீட்டுப் போட்டோவில் அவன் தலையை மட்டும் கிழித்து எறிந்துவிட்டாள். அந்த மகள்தான் கோகோ. இப்போது உடம்பு சுருங்கிப்போய் நினைவு தப்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பூட்டி. அவளுடைய கொள்ளுப்பேரன் மிகெலுக்குப் பாட்டுப் பைத்தியம். இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் நாளில் அவன் எப்படியோ செத்தவர்கள் உலகத்துக்குள் போய்விடுகிறான். அங்கே எக்டர் என்ற எலும்புக்கூட்டு மனிதனைச் சந்திக்கிறான். படையலில் யாரும் தன் போட்டோவை வைக்காததால், எக்டரால் பாலம் தாண்டித் தன் மகளைப் பார்க்க வர முடியவில்லை. அவன் யார் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். மிகெலுக்கு அவன் ஓட்டன். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மூன்று படிக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது பாருங்கள், இங்கிலீஷ்காரர்கள் ‘கிரேட்’, ‘கிரேட்’ என்று அடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த இங்கிலீஷ் வேகத்துக்கு ஓடவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித்தான் பார்த்தேன். கடைசிக் காட்சிக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொள்ளுப்பேரன் கிட்டாரை எடுத்து, அப்பா எப்போதோ கோகோவுக்காகக் கட்டிய தாலாட்டைப் பாடுகிறான். கிழவியின் விரல் மெல்ல அசைகிறது. பிறகு அவளும் கூடச் சேர்ந்து பாடுகிறாள். பாடி முடித்து, மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுக்கிறாள். உள்ளே அப்பாவின் கடிதங்கள். கூடவே, கிழித்து எறியப்பட்ட அந்த முகத்துண்டு.

இதே பாட்டு படத்தின் ஆரம்பத்தில் பெரிய மேடையில் ஆட்டம்பாட்டத்தோடு வருகிறது. அப்போது அது வெறும் சினிமாப் பாட்டு. கடைசியில் ஒரு சின்னப் பையன் குரலில் வரும்போதுதான் இது ஒரு அப்பன் மகளைத் தூங்கவைக்கக் கட்டியது என்று நமக்கு உறைக்கிறது. மறதி நோய் வந்தவர்கள் பெற்ற பிள்ளை பெயரை மறந்தாலும் சிறுவயதில் கேட்ட பாட்டு கடைசிவரை தங்கியிருப்பதுண்டு என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். வயசாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் யாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

சரி, வரைந்த பொம்மைக்கு எப்படி அழுகை வருகிறது? அந்தப் பையன் கேட்ட கேள்வி இதுதான். “நிஜ ஆளே இல்லையே டீச்சர்!”

நிஜ ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது நம் கயத்தாறில். அவருக்குப் போட்டோ கிடையாது, அந்தக் காலத்தில் போட்டோவே கிடையாது. இருந்தாலும் கண்ணை மூடி “கட்டபொம்மன்” என்று சொல்லிப் பாருங்கள். வருவது சிவாஜி முகம். 1959-ல் வந்த ஒரு படம் அந்த முகத்தை ஒட்டிவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. அவ்வளவு பெரிய நடிப்பு. அந்த நன்றியில்தான் சிவாஜியே இங்கு இடம் வாங்கி 1970-ல் சிலையும் வைத்தார். பெரிய நடிகர் நடித்தால் அந்த முகம் அவருடையதாகிவிடுகிறது. கோகோ பூட்டியின் முகம் யாருடையதும் இல்லை. சுருக்கம், பொக்கை வாய், இரண்டு பக்கமும் பின்னிய வெள்ளை முடி, எங்கோ பார்க்கும் கண். அந்தக் காலி இடத்தில் அவரவர் ஆச்சியை உட்கார வைத்துக்கொள்கிறோம். துறைமுகத்துப் பையனும் அழுதது அவனை வளர்த்த ஆச்சிக்காகத்தான். பேசிக்கொண்டே இருக்கும்போது அவனே சொல்லிவிட்டான்.

படத்தில் என்னை உலுக்கிய இன்னொரு இடம் உண்டு. செத்தவர்கள் உலகத்திலும் ஒரு கிழவன் இரண்டாவது தடவை சாகிறான். உயிரோடு இருப்பவர்களில் அவனை நினைக்க யாருமே இல்லாமல் போவதால் அப்படி. கண்ணெதிரே மங்கி மறைகிறான். சிறுபிள்ளைகள் படத்தில் இப்படி ஒரு காட்சியை வைக்கத் தைரியம் வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று மரம் வரைந்து பெயர் எழுதச் சொல்வோம், ஞாபகம் இருக்கிறதா? எத்தனையோ வருடம் அந்த நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். தாத்தா பெயர் சரியாக இருக்கும், இனிஷியலில் இருக்கிறதே. ஆச்சி பெயர் இடத்தில் ‘ஆச்சி’ என்றே எழுதியிருக்கும். “பேரு என்னடா?” என்றால், “ஆச்சிதான் டீச்சர் பேரு” என்று பதில் வரும். வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினால் அப்பாவுக்கே தெரியாது என்று வந்து நிற்பான். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க உட்காருகிறவர்களும் அப்படித்தான். மூன்று தலைமுறைப் பெயர் கேட்டால் ஆண்கள் பெயர் கடகடவென்று வரும், பெண்கள் பெயரில் தடுக்கும்.

போட்டோவும் அதே கதை. நம் பக்கத்தில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு முதல் போட்டோ எப்போது எடுத்தார்கள் தெரியுமா? செத்த பிறகு. நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் துணியால் கட்டி, மாலை போட்டு, பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி எடுப்பார்கள். இன்றும் பல வீட்டுச் சுவரில் அந்தப் படங்கள் தொங்குகின்றன. மூடிய கண்ணின் மேல் ஸ்டூடியோக்காரர் கண் வரைந்து கொடுத்த படங்களும் உண்டு.

மெக்சிகோக்காரர்களின் படையலைப் பார்த்து, அட நம்மைப் போலவே இருக்கிறார்களே என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பாலம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறதே ஆரஞ்சுப் பூ, அது நம் கேந்திப்பூவேதான். அந்தச் செடி நமக்கு வந்ததே மெக்சிகோ பக்கத்திலிருந்துதான், மிளகாயும் அந்தக் கண்டத்துச் சொத்துதான். இறந்தவர்களுக்கான அவர்களுடைய நாள் நவம்பர் 1, 2. நம் தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பார் பக்கம் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2 தானே? ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவைப் பிடித்துப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் போர்ச்சுகீசியர் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள். ஒரே திருநாள் இரண்டு கரைக்கும் போய்ச் சேர்ந்தது. தூத்துக்குடியில் வேலை பார்த்த இரண்டு வருடமும் அந்த நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன், உடன் வேலை பார்த்த டீச்சர் கூட்டிப்போவார். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அழுகையை விடப் பேச்சுதான் அதிகம்.

படத்தில் எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். நடுவில் வில்லன், விஷம், துரத்தல் எல்லாம் நம் பழைய எம்ஜிஆர் படம் மாதிரி. அதைக்கூட விட்டுவிடலாம். எக்டருக்குக் கொஞ்சம் சலுகை காட்டிவிட்டார்கள் என்பதுதான் என் குறை. அவன் வீடு திரும்பக் கிளம்பியபோது கூட்டாளி விஷம் வைத்துவிட்டான் என்று தெரிந்ததும் எல்லாரும் அவனை மன்னித்துவிடுகிறார்கள். கிளம்பிப் போனது போனதுதானே? கைக்குழந்தையோடு நின்ற இமெல்டாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆம்பிளை இல்லாத வீட்டில் ஒரு தொழிலைக் கற்று, தலைமுறைக்கே சோறு போட்டவள் அவள். என் மார்க் அவளுக்குத்தான்.

ஆனால் போட்டோவைக் கிழித்தாளே, அந்தத் தண்டனை யாருக்குப் போனது? எக்டருக்குத் தெரியக்கூட இல்லை, அவன் அதற்கு முன்பே செத்துப்போனான். அனுபவித்தது கோகோ. அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு முகத்துண்டை ஒளித்துவைத்து, அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே கிழவியாகிப்போனாள்.

இனி எழுதுவது சொந்தங்களுக்கு. மாணவர்களும் படிக்கலாம், உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்.

எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா அம்மா கல்யாண போட்டோ தொங்குகிறது, 1957-ல் எடுத்தது. ஆச்சி பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்குப் பிளேடால் வெட்டி, பின்னால் கறுப்பு அட்டை ஒட்டியிருக்கும். அங்கே நின்றது என் சின்ன அத்தை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஆச்சியின் முந்தானையைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் பிளேடுக்குத் தப்பி இன்னும் இருக்கிறது. 1974-ல் அத்தை வேறு சாதிக்காரர் ஒருவரோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அவருக்கு உப்பளத்தில் வேலை என்று மட்டும் கேள்வி. அதோடு அவள் பெயரை எடுக்கக்கூடாது என்று வீட்டில் முடிவானது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இருபத்துநாலு வருடம் யாரும் எடுக்கவில்லை.

எடுத்தது ஆச்சிதான். 1998-ல் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. என் அப்பாவையே யாரென்று கேட்டாள். ஆனால் காலையில் எழுந்ததும் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். “ஏட்டி, சடை பின்னணும் வா, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு” என்பாள். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஒரு நாளல்ல, சாகிறவரை தினமும்.

ஒன்றரை மணி நேர பஸ் தூரம். யாரும் போய்ச் சொல்லவில்லை.

முடிவெடுத்தவர்கள் யாரும் இன்று இல்லை. அத்தை இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பாள். பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் பயமோ மானமோ இல்லை. அவளுக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் நான் முகநூலில் போடக்கூடாது. வீட்டு குரூப்பில் போடப்போகிறேன். பிடிக்காதவர்கள் குரூப்பிலிருந்து வெளியேறலாம். இதனால் கல்யாண வயதுப் பிள்ளைகளுக்கு வரன் தட்டும் என்று யாராவது போன் பண்ணினால், அப்படித் தட்டிப்போகிற வரன் போகட்டும் என்பதுதான் என் பதில்.

இப்போது எனக்கு வேண்டியது இரண்டு. ஆச்சியின் டிரங்குப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? மேல்தட்டுக் காகிதத்துக்கு அடியில், பழைய ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் பாருங்கள். வெட்டிய துண்டை ஆச்சி எறிந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது, அம்மா வழி மாமாக்களே, உங்களுக்கு. அது கோவில்பட்டி ஸ்டூடியோவில் எடுத்த படம், அந்தக் கடை எப்போதோ மூடிவிட்டது. பெண் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அதைப் பிளேடு வைத்து வெட்டக் காரணம் எதுவும் இல்லை. கிடைத்தால் செல்போனில் எடுத்து அனுப்புங்கள். கண்ணாடியோடு எடுத்தால் வெளிச்சம் அடித்து முகம் தெரியாது, பிரேமிலிருந்து கழற்றி, ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள்.