குறைந்த காசு யாருடையது?

லக்னோ நகரின் சௌக் கடைவீதிக்குப் போகிறவர்கள், வெள்ளை நூலில் பூவேலை செய்த சிக்கன்காரித் துணியைப் பேரம் பேசி வாங்குகிறார்கள். பாதி விலைக்கு வாங்கியதாகப் பெருமையும் கொள்கிறார்கள். பேரத்தில் குறைந்த காசு யாருடையது?

துணியில் அச்சுக்கட்டையால் நீலக்கோடு பதிக்கிறார்கள். தரகர் அதைச் சந்துகளுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் கொண்டுபோகிறார். பெண்கள் வீட்டிலிருந்தபடியே, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, இழையிழையாகத் தைக்கிறார்கள். அவர்களுக்கு உருப்படிக் கூலிதான். முதலாளி யார் என்று கேட்டால் கடைக்காரர் தரகரைக் காட்டுகிறார். தரகர் கடைக்காரரைக் காட்டுகிறார்!

2008-ல் இத்துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. தைத்த கைக்கு வரவில்லை. 1952-ல் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தையும் 2020-ல் மத்திய சர்க்கார் கலைத்துவிட்டது.

வாங்குகிறவரோடு நமக்குச் சண்டையில்லை. வீட்டிலே பீடி சுற்றும் பெண்ணும் தொழிலாளியே என்று 1966-ம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஊசி பிடிக்கும் பெண்ணுக்கு மட்டும் ஏன் மறுப்பு? உருப்படிக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயம் செய்! கொடுக்கும் பொறுப்பைக் கடை முதலாளி மீது வை! லக்னோ சகோதரிகளின் இந்தக் கோரிக்கை, ஆலையிலும் வயலிலும் கூலிக்குப் போராடும் நம் கோரிக்கையே.