மலிவாகக் கிடைக்கும் சொகுசுக் கார்: விலையைக் கேட்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

 

திருமுருகன்பூண்டி வழியே அவிநாசியையும் திருப்பூரையும் இணைக்கும் சாலையில், பனியன் கம்பெனி வாசல்களில் நிற்கும் கார்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி போன்ற சொகுசு செடான் கார்கள் இன்று பெரும் ஏற்றுமதியாளர்களுக்கு மட்டும் உரியவையாக இல்லை. பத்துப் பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் நடத்தும் நம் சகோதரர்களும் அவற்றை விசாரிக்கின்றனர். புதிய மாருதி காரின் விலைக்குப் பழைய பென்ஸ் கிடைக்கிறது என்றால் எவருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

இத்தகைய கார் வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்று நம்மிடையே சிலர் கேட்கின்றனர். ஆடம்பரம் என்று சிலர் ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இரண்டும் போதாது என்பது நம் கருத்து. இந்தக் காரை யாருடைய பணத்தில் வாங்குகிறோம், யாருடைய பணத்தில் ஓட்டப் போகிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வசதியான வாகனத்தை விரும்புவது பாவமன்று. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார் ஆகியோரோடு இதமான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். அழகிய ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒரு தோழர் கேட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். எனவே பழைய செடான் வாங்கிய ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் காரூனோடு ஒப்பிடும் உரிமை நமக்கு இல்லை. அத்தகைய காரை நாடுவோரிடம் நியாயமான காரணமும் உண்டு. கனமான உடற்கூடு, பல ஏர்பேக்குகள், நல்ல பிரேக் அமைப்பு ஆகியவை குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் செல்வோருக்குப் பாதுகாப்புத் தருகின்றன. ஆயினும் தேய்ந்த டயரையும் பிரேக்கையும் மாற்றப் பணமில்லாதவரிடம் அந்தப் பாதுகாப்பு பெயரளவில்தான் இருக்கும்.

இக்கார்கள் ஏன் இவ்வளவு மலிவாகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்னும் வரம்பை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பின்னர் அந்த உத்தரவில் தளர்வுகள் வந்தன. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குள்ள டீசல் சொகுசுக் கார்கள் குறைந்த விலைக்குத் தள்ளப்பட்டு, தரகர்கள் வழியாகத் தென் மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. மற்றொரு காரணம் ஊரைச் சார்ந்ததன்று. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிந்ததும், அடுத்து வரும் பழுதுச் செலவுக்கு அஞ்சி முதல் உரிமையாளர் காரை விற்றுவிடுகிறார். பணமுள்ளவரே அஞ்சி விலகிய செலவைத்தான் நாம் தள்ளுபடி என்று எண்ணி வாங்குகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 இலட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு கார் பத்தாண்டுக்குப் பின் 9 இலட்சத்துக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். காரின் விலை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அதன் கியர்பாக்ஸ், ஹெட்லைட், ஏர் சஸ்பென்ஷன், மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றின் விலை ஏழில் ஒரு பங்காகவில்லை. அவை இன்றும் 60 இலட்ச ரூபாய்க் காரின் பாகங்களே. 2007இல் சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை தொடங்கப்பட்டதால் கார் நம் மாநிலத்திலேயே பொருத்தப்பட்டது என்பது உண்மைதான். அதனால் உதிரிபாகமும் உள்ளூர் விலைக்குக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டையொட்டி வந்த பி.எம்.டபிள்யூவின் 2 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்துள்ளது. செயின் தேய்ந்தால் அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். பாகத்தின் விலை ஒரு பங்கென்றால் கூலி பல பங்காகும். இத்தகைய வேலைக்கு நம் பகுதியினர் பெரும்பாலும் கோவைக்கே காரைக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கூறுவர். காப்பீடு விபத்துக்குத்தான், தேய்மானத்துக்கு அன்று. விபத்திலும்கூட, வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்கின்றனர். 10 ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கும் அதே அளவு கழிவு உண்டு. தேய்மானக் கழிவில்லாத பாலிசி இவ்வளவு பழைய கார்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. மேலும், 15 ஆண்டு நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

இனி, யாருடைய பணம் என்னும் கேள்விக்கு வருவோம். பத்தாண்டு கடந்த காருக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை; தந்தாலும் புதிய காரைவிட வட்டி அதிகம். வட்டி சிறிதானாலும் பெரிதானாலும் விலக்கப்பட்டதே என்பது நாம் அறிந்தது. வங்கி மறுக்கும் இடத்தில் தனியார் பைனான்ஸ் நுழைகிறது. அதற்கும் போகாதவர், தம் தொழிலில் புரளும் பணத்தை எடுத்துக் காரில் போடுகிறார். ஆபத்து இங்குதான் உள்ளது.

திருப்பூர்த் தொழிலில் பணம் எப்படிப் புரள்கிறது என்பதை நாம் அறிவோம். சரக்கை முடித்துக் கொடுத்த பின் ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் வர வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. தொழிலாளிக்குச் சம்பளமோ சனிக்கிழமை தோறும் தர வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் கையில் இருக்கும் பணம் நம்முடையது போலத் தோன்றும். அதில் பெரும்பகுதி தையல்காரருக்கும், செக்கிங் பெண்களுக்கும், நூல் கடைக்கும் சேர வேண்டியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் எவ்வளவு விரைவில் நிற்கக்கூடும் என்பதைக் கண்டோம். அத்தகைய மாதத்தில் காரின் கியர்பாக்ஸும் பழுதானால், எந்தச் செலவு தள்ளிப்போகும்? கார் பணிமனையில் நின்றால் ஊர் பார்க்கும். சம்பளம் நின்றால் தொழிலாளியின் வீடு மட்டுமே அறியும். மனிதன் ஊர் பார்ப்பதையே முதலில் சரிசெய்வான். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது இந்தப் பலவீனத்துக்கு மருந்தாகும்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்றார்கள். அடுத்த வாரம் தருகிறேன் என்று காஜா பட்டன் காரரிடம் சொல்லிவிட்டுச் சொகுசுக் காரில் ஏறிச் செல்பவரின் நிலையை இந்த விளக்கம் அப்படியே காட்டுகிறது.

கையில் முழுப் பணம் இல்லாதவருக்கு ஹலாலான வழி இல்லாமல் இல்லை. அறிந்த ஒருவரிடம் வாங்கும்போது, மொத்த விலையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, தவணைகளாகக் கொடுக்கலாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பினும், ஒரே விலையை உறுதிசெய்து பேசி முடித்தால் அது செல்லும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. தவணை தாமதமானால் தொகை கூடும் என்னும் நிபந்தனை மட்டும் நுழையக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உறவினர்தானே என்று எழுதாமல் விடுவதால்தான் பல உறவுகள் முறிகின்றன.

வாங்குபவருக்கு இவ்வளவு சொன்னோம். விற்பவருக்குச் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியமானது. ஏனெனில் நம் சகோதரர்களில் பலர் பழைய கார் வியாபாரத்திலும் தரகிலும் ஈடுபட்டுள்ளனர். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இன்று அந்த ஈரம் ஓடோமீட்டரில் இருக்கிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய காரை 70,000 என்று காட்டுவது குவியலின் அடியில் ஈரத்தை மறைப்பதேயாகும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பலவும் ஏலத்தில் கைமாறிப் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. வெள்ளத்தில் நின்ற காரை, அறிந்தும் சொல்லாமல் விற்பதும் அத்தகையதே.

இருக்கும் நிலையில் விற்கிறேன், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டால் பொறுப்பு முடிந்தது எனச் சிலர் கருதுகின்றனர். அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை. உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் வியாபாரத்தில் பரகத் உண்டு; மறைத்தால் அந்த பரகத் அழிக்கப்படும்.

விற்பவர் சொல்லிவிடுவார் என்று வாங்குபவர் வாளாவிருக்கவும் கூடாது. பூண்டிச் சிற்பக் கூடங்களில் கல்லைத் தட்டி அதன் ஒலியைக் கேட்ட பிறகே உளியை வைப்பர். மேலே பளபளக்கும் கல்லுக்குள்ளும் வெடிப்பு இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். காருக்கும் அத்தகைய சோதனைகள் உண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் வெள்ளக் கறை தெரியும். இருக்கைத் தண்டவாளங்களில் துருவும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டலும் இருந்தால் அந்தக் காரை விட்டு விலகுவதே நலம். ஓட்டத்தை அறிய நிறுவனப் பணிமனையின் சர்வீஸ் பதிவைக் கேட்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை நம் முன்னிலையில் முதன்முறையாக இயக்கச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் சில ஆயிரங்களைத் தயங்காமல் செலவிடலாம். சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

பத்திரங்களிலும் கவனம் வேண்டும். எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு நீக்கப்பட்டுள்ளதா, காப்பீடு உள்ளதா என்பவற்றை எம்பரிவாகன் செயலியிலேயே பார்க்கலாம். கடன் இருந்திருந்தால் 35ஆம் படிவமும், வேறு மாநிலக் காரானால் 28ஆம் படிவமான தடையின்மைச் சான்றும் தேவை. தமிழ்நாட்டு ஆயுள் வரியும் தனியே கட்ட வேண்டும். டெல்லிக் காரின் மலிவு இங்குப் பாதி கரைந்துவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார் விபத்தில் சிக்கியபோது, பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது விற்பவருக்கே தீங்காகும்.

இறுதியாக, குடும்பங்களுக்கு ஒரு சொல். இக்கார்களில் சில பயணத்துக்காக அன்றி, சம்பந்தம் பேச வருவோர் பார்ப்பதற்காக வாங்கப்படுகின்றன. வாசலில் நிற்கும் பென்ஸைக் கண்டு பெண் கொடுப்பவர், அதன் பின்னாலுள்ள கடனைக் காண்பதில்லை. காரின் ஓடோமீட்டரைத் திருத்துவது ஏமாற்று என்றால், நம் வாழ்க்கையின் கணக்கைத் திருத்திக் காட்டுவதும் ஏமாற்றுதான். மனைவிக்கும் பெற்றோருக்கும் முழுச் செலவைச் சொல்லி, அவர்கள் அறிய வாங்கும் காரில் நிம்மதி இருக்கும்.

ஆகவே நம் கருத்து இது. காரின் விலையை வட்டியின்றிக் கொடுக்க முடிந்து, அந்த விலையில் மூன்றில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுக்கெனத் தனியே வைக்க முடிந்து, அதனால் எந்தச் சனிக்கிழமைச் சம்பளமும் தவறாது என்றால், பழைய சொகுசுக் காரைத் தாராளமாக வாங்கி அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அந்தக் கார் எவ்வளவு மலிவாயினும் நமக்கு விலை அதிகமே.

ஹலாலான பொருளையும், அதில் பரகத்தையும், பிறர் உரிமையை உரிய நேரத்தில் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.